ஏழு நாள் சுற்றுலா, ரயிலா காரா, தொடர்பாக

திருவண்ணாமலை மாவட்டத்தில் முப்பத்து நாலு வருடம் அரசு வேலை பார்த்து, ஒரே ஒரு முடிவுகூட எடுக்காமல் ஓய்வு பெற்றவர் மார்ஜின் சார் ஒருவர்தான். இதை எங்கே வேண்டுமானாலும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். முடிவெடுத்து மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முடிவெடுக்க வேண்டிய அன்று மட்டும் லீவு போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் தினமும் சரியாகப் பத்து மணிக்கு வந்து, தினமும் யோசித்து, கடைசிவரை எதையும் முடிவு செய்யாதவர் அவர் மட்டும்தான்.

வேங்கிக்காலில் வரிசையாக இருக்கிற அரசு அலுவலகங்களில் ஒன்றில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பிரிவில் இருந்தோம். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். நான் இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.

அவருக்கு அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் குறிப்பு எழுதும்போது தாளின் இடது பக்கத்தைக் கொஞ்சம் மடித்து, காலியாக விட்டுவிட்டு எழுதுவோம். அந்த மார்ஜின் மேலதிகாரிக்கான இடம். கீழே இருக்கிறவன் இந்தப் பக்கத்து நியாயத்தையும் அந்தப் பக்கத்து நியாயத்தையும் எழுதி, 'ஆணைக்காகச் சமர்ப்பிக்கிறேன்' என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். மேலே இருக்கிறவர் மார்ஜினில் 'சரி' என்றோ 'கூடாது' என்றோ எழுதுவார். இரண்டையும் எழுத மனமில்லை என்றால் 'பேசவும்' என்று எழுதுவார். நாங்களெல்லாம் இந்தப் பழக்கத்தை ஐந்தே முக்காலுக்கு மேஜையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். அவர் கையோடு எடுத்துக்கொண்டு போனார். மளிகைச் சீட்டிலும் மார்ஜின் விடுவார். கல்யாணத்துக்கு வைத்த மொய்க் கவரிலும் மார்ஜின் இருந்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

கேன்டீனில் அவர் நுழைந்தாலே மாஸ்டர் முகம் வாடிவிடும்.

"சார், இன்னா வேணும்? போண்டாவா, வடையா?"

"ரெண்டுலயும் நல்லது கெட்டது இருக்குப்பா. போண்டா சூடா இருக்கு, ஆனா எண்ணெய் ஜாஸ்தி. வடையில எண்ணெய் கம்மி, ஆனா ஆறிப்போச்சு."

"அதான் சார், இன்னா குடுக்கட்டும்?"

"நீ இன்னா நெனைக்கற?"

மாஸ்டர் நினைத்ததை வெளியே சொல்ல மாட்டார். அவர்கள் பேசி முடிப்பதற்குள் இரண்டு தட்டும் காலியாகிவிடும். மார்ஜின் சார் டீ மட்டும் குடித்துவிட்டு, பிரச்சினை தானாகத் தீர்ந்த திருப்தியோடு சீட்டுக்குத் திரும்புவார்.

பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்துக்காக எங்களுக்கெல்லாம் டூட்டி போடுவார்கள். ஒரு தடவை செங்கம் ரோட்டில் உதவி மையம் என்று ஒரு பந்தல், அதில் நானும் அவரும். சாயங்காலம் வெளியூர்க் குடும்பம் ஒன்று வந்தது. கூட வந்த பெரியவருக்கு முட்டி வீங்கியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டார்கள்.

"வந்த வழியே திரும்பினா கிட்டக்க. ஆனா கிரிவலத்துல பாதியில திரும்பக் கூடாதுன்னு சொல்வாங்க. முன்னால போனா தூரம், மலையைச் சுத்தணும். ஆனா புண்ணியம் ஜாஸ்தி. ரெண்டையும் உங்க முன்னால வெச்சுட்டேன். நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

"நாங்க எதுக்கு சார் சொல்லணும்? நாங்கதானே கேட்டோம்?" என்றார் குடும்பத்தை அழைத்து வந்தவர்.

பெரியவர் எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் நான்தான் அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு இரண்டு பக்கம் கிடையாது. அவர்கள் சமணக் குடும்பம். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் காலம் காலமாக இருக்கிற நயினார்மார்கள். பொழுது சாய்ந்துவிட்டால் சாப்பிட மாட்டார்கள். எந்த மீட்டிங் நடந்தாலும், ஐந்தரை மணி தாண்டினால் மார்ஜின் சார் மெல்ல எழுந்து ரெக்கார்டு ரூமுக்குப் போய், பழைய கோப்புக் கட்டுகளுக்கு நடுவே மேற்கு ஜன்னல் ஓரமாக டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார். சூப்பிரெண்டு அம்மாகூட அதற்கு ஒன்றும் சொன்னதில்லை.

அந்த டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்தவர் சுலோச்சனா அக்கா. அவர் மனைவி. பிள்ளைகள் கிடையாது. அக்காவுக்கு இருந்த வாய்க்கு எங்கள் பிரிவு முழுவதையும் அவரே நடத்தியிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"தம்பி, கல்யாணமாகி இருபத்தேழு வருஷமாச்சு. ஒரு நாள்கூட சூரியன் முழுகறத நான் பார்த்ததில்ல. அந்த நேரத்துல அடுப்புகிட்ட நிக்கறேன். பொழுது சாயறதுக்குள்ள தட்டுல போடணும்ல? சரி, தலையை நீட்டிப் பார்க்கலாம்னா இந்த ஊர்ல மலை மறைச்சுடுது. கன்னியாகுமரியில கடலுக்குள்ள முழுகுமாமே. கையில கரண்டி இல்லாம நின்னு, அதை ஒரு தடவை பாக்கணும்."

"போயிட்டு வரலாமேக்கா. சாரைக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

"அவரைக் கேட்டுட்டேன். ஒரு வாரம் போலாம்ன்றாரு. மதுரை, குற்றாலம் எல்லாம் பார்த்துட்டு வரலாம்ன்றாரு. ரயில்ல போறதா, கார்ல போறதான்னுதான் யோசிக்கறாரு."

யோசித்தார். முழுசாக மூன்று வருடம் யோசித்தார். ஆபீஸில் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்ட காலத்தில் அவர் ஒரு பழுப்பு அட்டை வாங்கி, நாடா கட்டி, உண்மையான கோப்பே போட்டுவிட்டார். முதல் பக்கம் இப்படி இருந்தது:

'பொருள்: சுற்றுலா - ஏழு நாட்கள் - கன்னியாகுமரி மற்றும் வழியிலுள்ள ஊர்கள் - ரயிலா, காரா - முடிவு செய்தல் - தொடர்பாக. பார்வை: மனைவியின் வாய்மொழிக் கோரிக்கை.'

உள்ளே வலது பக்கம் முழுக்க ரயிலும் காரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. ரயிலில் கால் நீட்டிப் படுக்கலாம். ஆனால் விழுப்புரம் போய் மாற வேண்டும். காரை நினைத்த இடத்தில் நிறுத்தலாம். ஆனால் அக்காவுக்குக் காரில் தலை சுற்றும். ரயில் சாயங்காலம் கிளம்பும், பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? காரில் போனால் ஐந்து மணிக்கு ஒரு ஹோட்டலில் நிறுத்திவிடலாம். ஆனால் அந்த ஹோட்டலில் ஐந்து மணிக்கு சாப்பாடு இருக்குமா? இடது பக்கம் மார்ஜின், ஆணைக்காக, பளிச்சென்று காலியாக இருந்தது.

மூன்று வருடம் கழித்து, தன்னால் முடியாது என்று தெரிந்ததும், கருத்து கேட்டு அந்தக் கோப்பை எங்கள் பிரிவுக்குள் சுற்றுக்கு விட்டார். எங்களுக்குக் கொண்டாட்டம்தான். ஜீப் டிரைவர் 'காரே உத்தமம், டிரைவர் நம்மாளு பார்த்துத் தரேன்' என்று எழுதினார். டைப்பிஸ்ட் அம்மா 'ரயிலில் பாத்ரூம் உண்டு' என்று ஒரே வரியில் ரயிலுக்கு ஓட்டுப் போட்டார். ரெக்கார்டு கிளார்க், 'இதே பொருளில் முன் கோப்பு ஏதும் இல்லை' என்று சான்று கொடுத்தார். சூப்பிரெண்டு அம்மா வழக்கம்போல 'பேசவும்' என்று எழுதிவிட்டார். மார்ஜின் சார் போய் ஒரு மணி நேரம் பேசினார். அதன் பிறகு அந்தம்மா எந்தக் கோப்பிலும் அந்த வார்த்தையை எழுதியதில்லை.

ஒவ்வொரு மேஜையிலும் இரண்டு வாரம், மூன்று வாரம் தங்கி, கடைசியாக அது என்னிடம் வந்தது.

இங்கேதான் நான் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்திரிகையில் நாலு கட்டுரை வந்துவிட்ட திமிர் எனக்கு இருந்தது. எல்லாரையும்விட வேடிக்கையாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு மூடு வர வேண்டும் என்று கோப்பைக் கீழ் டிராயரில் போட்டேன். தேர்தல் வேலை வந்தது. மறந்துபோனேன்.

பக்கத்து சீட்டில் இருக்கிற மனிதர் 'என்னப்பா ஆச்சு' என்று வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். அவர் கேட்க மாட்டார். எழுத்தில் போனது எழுத்தில்தான் வர வேண்டும். ஒரு மாதம் கழித்து என் மேஜையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. 'நினைவூட்டு 1.' பென்சிலில், மார்ஜினோடு. பிரிவே சிரித்தது. இன்னும் ஒரு மாதம் கழித்து 'நினைவூட்டு 2.' அதை என் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்தேன், வருகிறவர்கள் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று.

மூன்றாவது நினைவூட்டோடு ஒரு சிவப்புச் சீட்டும் வந்தது. சட்டசபைக் கேள்வி, கோர்ட் வழக்கு மாதிரியான கோப்புகளில் ஒட்டுகிற 'அவசரம்' சீட்டு. வயிறு வலிக்கச் சிரித்தேன். அதை என் டிபன் பாக்ஸ் மூடியில் ஒட்டிக்கொண்டேன். மார்ஜின் சார் அதைப் பார்த்தார். அவரும் லேசாகச் சிரித்தார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அடுத்த வாரம் அவர் ஆபீஸுக்கு வரவில்லை. அவருக்கு லீவு எடுக்கிற பழக்கமே கிடையாது. எந்த நாள் எடுப்பது என்று முடிவு செய்ய முடியாததால் முப்பது வருட லீவு அப்படியே இருந்தது. இப்போது 'சொந்தக் காரணம்' என்று பதினைந்து நாளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றார் சூப்பிரெண்டு அம்மா. "அவங்க வீட்டம்மாவுக்கு வயித்துல கட்டியாம். ரொம்ப முத்திப்போச்சாம். ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க."

சீட்டுக்கு வந்து டிராயரைத் திறந்தேன். நாலு மாதத்தில் முதல் தடவையாக அந்தக் கோப்பின் நாடாவை அவிழ்த்தேன். எங்கள் வேலையில் கோப்பைப் படிக்காமலே வைத்திருப்பது ஒன்றும் அதிசயமில்லை. படிக்காமலே பதினைந்து வருடம் ஓட்டியவர்கள் உண்டு. பதினோராவது பக்கத்தில், என்னிடம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு எழுதியது, அதே நிதானமான பென்சில் எழுத்தில் இருந்தது.

'கூடுதல் விவரம்: மனைவிக்கு வயிற்றில் கட்டி இருப்பதாக டாக்டர் சொல்கிறார். பயணம் போவதென்றால் மூன்று மாதத்துக்குள் போய்விடுவது நல்லது, அதன் பிறகு கஷ்டம் என்கிறார். எனவே இந்தப் பொருளில் விரைந்து கருத்து வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

என் பெயரை மேலே எழுதியிருந்தார். நான் பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். டிபன் பாக்ஸ் மூடியில் இருந்த சிவப்புச் சீட்டைக் கிழிக்கப் பார்த்தேன். நல்ல பசை, வரவில்லை.

கோப்பை எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் மார்ஜின் சார் நின்றுகொண்டிருந்தார். நான் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே, "வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா?" என்றார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். வாயால ஒரு வார்த்தை. பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கேன்."

"கோப்புல எழுதியிருந்தேனே தம்பி" என்றார்.

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. எழுதினால் படிப்பார்கள் என்று முப்பத்து நாலு வருடத்துக்குப் பிறகும் நம்பிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அக்கா கட்டிலில் பாதியாக இருந்தார். கண்ணும் வாயும் மட்டும் பழைய அளவில் இருந்தன. என் கையில் இருந்ததைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இதான் அந்த ஃபைலா? நாலு வருஷமா இதைப் பத்திக் கேட்டுட்டிருக்கேன். கண்ணால இப்பதான் பாக்கறேன். குடுங்க."

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ரெக்கார்டு கிளார்க்கின் சான்றைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, சிரிக்க வெக்காதீங்க, வலிக்குது" என்று சொல்லிக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போனார். கடைசிப் பக்கம் வந்ததும் நிமிர்ந்தார்.

"உங்க கருத்து எங்க தம்பி?"

"இன்னும் எழுதலக்கா."

"எவ்ளோ நாளா உங்ககிட்ட இருக்கு?"

"நாலு மாசமா."

அக்கா என்னையே பார்த்தார். அந்த அறையில் எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"எலக்‌ஷன் வேலை இருந்துச்சு சுலோ" என்றார் மார்ஜின் சார் அவசரமாக. "அவர் இன்னா பண்ணுவாரு? ஆள் வேற கம்மி."

அக்கா அவரையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம் கை நீட்டி, "பேனா இருக்கா? பென்சில் வேணாம்" என்றார். மடியில் கோப்பை வைத்துக்கொண்டு, நாலு வருடமாகக் காலியாகக் கிடந்த அந்த மார்ஜினில் எழுத ஆரம்பித்தார். இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். எழுதி முடித்து நாடாவைக் கட்டினார்.

"இப்ப பிரிக்காதீங்க. பிரிச்சா இவரு ரெண்டு பக்கமும் பேச ஆரம்பிச்சுடுவாரு. எனக்குக் கேக்கத் தெம்பில்ல."

எட்டாம் நாள் மத்தியானம் அக்கா போய்விட்டார். தகவல் வந்தபோது நான் சீட்டில் இருந்தேன். என் கீழ் டிராயர் திறந்தே இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து மார்ஜின் சார் ஆபீஸுக்குத் திரும்பிய அன்று கோப்பை என் மேஜையில் வைத்தார். "தம்பி, ஆணை வந்துடுச்சு. பாருங்க" என்றார். குழந்தை எழுத்து மாதிரி குண்டு குண்டாக, வரிகள் சரிந்து சரிந்து இருந்தன.

'எதுல வேணா போங்க. போகாம இருக்காதீங்க. அங்க சூரியன் முழுகறத நின்னு பாருங்க. அன்னிக்கு ஒரு நாள் சாப்பாடு தப்பினா தப்பட்டும். இந்த ஃபைலை நாலு மாசம் வெச்சிருந்த தம்பியையும் கூட்டிட்டுப் போங்க. தனியா விட்டா நீங்க வாசப்படியிலயே நிப்பீங்க.'

கீழே முழுக் கையெழுத்து, தேதியோடு. அத்தனை வருடம் குடும்பம் நடத்தியதில் அக்காவுக்கும் ஆபீஸ் நடைமுறை தெரிந்திருந்தது.

பொங்கல் முடிந்து அவர் ஓய்வு பெற்றார். அதற்கு அடுத்த வாரம் நான் ஏழு நாள் லீவு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பை தயாராக இருந்தது. அவர் மேஜையில் உட்கார்ந்து ஒரு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் ஒரு பக்கம், கார் ஒரு பக்கம். எல்லா வரியும் அடிக்கப்பட்டிருந்தது.

"என்ன சார் இது?"

"ரயில் நல்லதுன்னு எழுதினதெல்லாம் அவ படுத்துக்கறதுக்காகத்தான். கார் நல்லதுன்னு எழுதினதெல்லாம் அவளுக்கு நேரத்துக்கு சாப்பாடு போடறதுக்காகத்தான். ஒவ்வொண்ணா அடிச்சுட்டு வந்தேன் தம்பி. இப்ப பார்த்தா ரெண்டு பக்கமும் ஒண்ணுமே இல்ல."

தாளை என் பக்கம் தள்ளினார். "நீங்க கருத்து சொல்லவே இல்லையே. இப்ப சொல்லுங்க" என்றார்.

நான் அவர் பையை ஒரு கையிலும் அவரை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். திருச்சி பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. ஏறினோம். அப்படியாக, நாலு வருட ஆராய்ச்சிக்குப் பிறகு, கன்னியாகுமரிக்கு நாங்கள் பஸ்ஸில், மூன்று இடத்தில் மாறி, இடுப்பு ஒடிய ஒடியப் போய்ச் சேர்ந்தோம். மதுரையைச் சுற்றிப் பார்க்கவில்லை, குற்றாலத்துக்கும் போகவில்லை. ஒவ்வொரு ஊரிலும், "இங்க இறங்கறதா வேணாமா?" என்று அவர் கேட்க, அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

முதல் நாள் சாயங்காலம் நாலரை மணிக்கே போய்க் கரையில் நின்றோம். ஐந்து மணிக்கு, "சார், சாப்பிட்டுட்டு வந்துடலாமா?" என்றேன். வேண்டாம் என்றார். ஐந்தரைக்கு மேற்கே ஒரு மேகம் வந்து உட்கார்ந்தது. ஜனங்கள் உச்சுக் கொட்டினார்கள். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. சூரியன் எப்போது முழுகியது என்று அங்கே நின்ற யாருக்கும் தெரியாது.

"இங்கயும் மறைச்சுடுச்சே" என்றார்.

"நாளைக்குப் பார்க்கலாம் சார்."

மறுநாளும் மேகம். அதற்கு மறுநாள் தூறலே போட்டது. மூன்று நாளும் அவர் ராத்திரி சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவும் இல்லை. மூன்றாம் நாள் கூட்டம் கலைந்த பிறகும் அவர் குடையை மடக்கி வைத்துக்கொண்டு நனைந்தபடியே நின்றார். விரித்துப் பிடிப்பதா வேண்டாமா என்று யோசிக்கிறார் என்று நினைத்து நான் என் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தேன்.

"தம்பி, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றார்.

"என்ன சார்?"

"அவ ஒரு நாள்தான் சாப்பாடு தப்பட்டும்னு எழுதியிருக்கா. மூணு நாளாச்சு. மிச்சம் ரெண்டு நாளுக்கு அனுமதி இல்ல."

"அதுக்கு என்ன சார் இப்போ?"

"பின்னேற்பு வாங்கணும்."

அனுமதி இல்லாமல் ஒன்றைச் செய்துவிட்டால், பிற்பாடு ஒரு குறிப்பு எழுதி அதே அதிகாரியிடம் ஒப்புதல் வாங்குவோம். அதற்குப் பெயர் பின்னேற்பு. முப்பத்து நாலு வருடத்தில் நூற்றுக்கணக்கில் எழுதியிருப்பார்.

"யார்கிட்ட வாங்கறது தம்பி?" என்றார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அக்கா போனதிலிருந்து அவர் கண்ணில் தண்ணீர் பார்க்காத நான் அங்கே பார்த்தேன். மன்னிப்பு கேட்க வேண்டும் என்று நாலு நாளாக மனதுக்குள் எழுதி வைத்திருந்ததை அப்போது சொல்ல முடியவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். சின்னத் தோள்தான், இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இருட்டும்வரை அப்படியே நின்றுவிட்டு ரூமுக்கு வந்தோம்.

இன்றுவரை அந்தக் கோப்பை அவர் மூடவில்லை. பார்க்கச் சொன்னதைப் பார்க்கவில்லையே, ஆணை எப்படி நிறைவேறியதாகும் என்கிறார். மாதம் தவறாமல் எனக்கு ஒரு தபால் கார்டு வருகிறது. அவர் வீடும் என் வீடும் ஒரே ஊரில், ஸ்கூட்டரில் பத்து நிமிடம். இருந்தாலும் தபாலில்தான் வரும். 'பொருள்: கன்னியாகுமரி - மறுமுறை - ரயிலா, காரா, பஸ்ஸா - தொடர்பாக.' இப்போது மூன்றாவதாக ஒரு பக்கமும் சேர்ந்துவிட்டதால் யோசனை முன்னைவிட ஜாஸ்தி. இடது பக்கம் மார்ஜின், எனக்காக, காலியாக இருக்கும்.

கார்டு வந்த அன்றே, வேறு எந்த வேலை இருந்தாலும், அதில் 'பேசவும்' என்று எழுதிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பிவிடுகிறேன். பொழுது சாய்வதற்குள் போய்விட்டால் சாப்பாடும் உண்டு. அவரேதான் சமைக்கிறார். சாம்பாரா ரசமா என்று முடிவு செய்யாமல் வைத்த மாதிரி ஒன்று இருக்கும். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன்.